மூலையில் நிற்கும் கால்

வாசகர் கேள்வி:

என் தம்பிக்கு 22 வயது. பிளஸ் டூ முடித்த கையோடு, யார் பேச்சையும் கேட்காமல், ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தவன். போன வருஷம் எல்லையில் கண்ணிவெடியில் சிக்கி இடது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. மருத்துவமனையில் நன்றாகப் பார்த்தார்கள். செயற்கைக் கால் பொருத்தி, நடக்கப் பழக்கி, மூன்று மாதத்துக்கு முன் மருத்துவ விடுப்பில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே நன்றாக நடந்தவன், இங்கே வந்து ஒரு வாரத்தில் காலைக் கழற்றி அறை மூலையில் நிறுத்திவிட்டான். இப்போது கதவு சாத்தியே இருக்கிறது. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வருகிறோம். இல்லாத பாதம் எரிகிறது என்று ராத்திரியில் முனகுகிறான். சித்தப்பா ஒரு கதை சொன்னார். அமெரிக்காவில் உள்நாட்டுப் போரில் கால் போன 18 வயதுப் பையன் ஒருவன் மூன்று மாதம் அறைக்குள் அடைந்து கிடந்து, தானே ஒரு கால் செய்து மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தானாம். "இவனையும் தனியா விடுங்க, தானா வருவான்" என்கிறார். அந்தக் கதை உண்மையா? தம்பியை அப்படியே விட்டுவிடலாமா, கதவைத் தட்டலாமா? தை மாதம் எனக்குக் கல்யாணம். "நான் மேடைக்கு வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டான்.

– ஓர் அக்கா. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

செயற்கைக் கை கால் பொருத்துநரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அங்கே நடந்தவர் இங்கே வந்து ஒரு வாரத்தில் கழற்றி வைத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். அதற்கு வருகிறேன். முதலில் சித்தப்பாவின் கதை.

கதை உண்மைதான். அந்தப் பையனின் பெயர் ஜேம்ஸ் எட்வர்ட் ஹேங்கர். எங்கள் தொழிலில் அந்தப் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் அமெரிக்காவில் செயற்கைக் கால் செய்துகொண்டிருக்கிறது. 1843இல் வர்ஜீனியா மாநிலத்தில் சர்ச்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். கல்லூரியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1861இல், போர் மூண்டது. படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு உள்ளூர்க் குதிரைப்படையில் சேரக் கிளம்பினார். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. தென்மாநிலங்களில் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்ததே அடுத்த ஆண்டுதான். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் சேர்ந்தது, அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரிந்துபோன மாநிலங்களின் படை. அந்தப் பையனின் காயத்துக்கு வருந்தலாம். அவர் நின்ற பக்கத்துக்கு வருந்த எனக்கு ஒன்றும் இல்லை.

ஜூன் 2ஆம் தேதி ராத்திரி, பிலிப்பி என்ற சிற்றூரில் அவருடைய படைப்பிரிவு ஒரு குதிரை லாயத்தில் படுத்துத் தூங்கியது. விடிகாலையில் வடக்குப் படை பீரங்கியால் சுட ஆரம்பித்தது. முதல் இரண்டு குண்டுகள் முகாம் பக்கம் போயின. மூன்றாவது ஆறு பவுண்டு இரும்புக் குண்டு. நம் கணக்கில் இரண்டே முக்கால் கிலோ. அது தரையில் பட்டுத் தெறித்து லாயத்துக்குள் புகுந்து ஹேங்கரின் இடது காலை நொறுக்கியது. கூட இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரம் அங்கேயே கிடந்தார். கொள்ளையடிக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடிவந்த எதிரிப் படையினர்தான் அவரைப் பார்த்தார்கள். ஓஹாயோ தொண்டர் படைப்பிரிவின் மருத்துவர் ராபின்சன், எதிரி என்று பார்க்காமல், இடுப்புக்குக் கீழே சுமார் ஏழு அங்குலம் விட்டுக் காலை எடுத்து உயிரைக் காப்பாற்றினார். அந்தப் போரில் நடந்த முதல் கால் நீக்கம் என்று அதைச் சொல்வார்கள். அடுத்த நான்கு ஆண்டுகளில் கை, கால் எடுக்கப்பட்டவை சுமார் 60,000.

படையில் சேர்ந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. போர் என்று அவர் பார்த்தது அந்த ஒரு விடிகாலை மட்டும்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ள வேண்டாம். "யார் பேச்சையும் கேட்காமல்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாசத்தில் வந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த மூன்று மாதத்தில் அந்த வார்த்தை உங்கள் வீட்டில் எத்தனை தடவை அவர் காதில் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "அன்னிக்கே சொன்னோமே" என்று அம்மா அழுதிருப்பார். சொந்தக்காரர்கள் வந்து உச்சுக் கொட்டியிருப்பார்கள். கட்டாயமாகக் கூட்டிப்போய்க் காயப்பட்டவனுக்குக் கோபப்படவாவது ஓர் ஆள் இருக்கும். தானாகப் போனவன் யாரிடம் கோபப்படுவான்? பேருந்தில் அடிபட்டவரும், ஆலையில் கையைக் கொடுத்தவரும் என் மேஜை முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்கில் யாரையாவது திட்டுவார்கள். தானாகப் படைக்குப் போன பையன்கள் திட்டுவதில்லை. பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த மௌனத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். "நீ போனது தப்பில்லை" என்று உங்கள் வாயால் ஒரு தடவை அவரிடம் சொல்லுங்கள். அம்மாவையும் சொல்ல வையுங்கள். ஒரு தடவை போதும். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதற்கும் வேறு அர்த்தம் வந்துவிடும்.

சரி, ஹேங்கரின் அறைக்கு வருவோம். ஓஹாயோவில் கைதிகள் முகாமில் கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள். அப்போது அவருக்கு ஒரு மரக்கால் கொடுத்தார்கள். மடங்காத வெறும் கட்டை அது. ஆகஸ்ட் மாதம் கைதிப் பரிமாற்றத்தில் வீட்டுக்கு வந்தார். வந்ததும், என்னைத் தனியாக விடுங்கள் என்று கேட்டுக்கொண்டு மாடி அறைக்குப் போய்விட்டார். சாப்பாட்டை வாசலில் வைத்தார்கள். பையன் துக்கத்தில் கிடக்கிறான் என்றே வீட்டில் நினைத்தார்கள். இவ்வளவையும் சித்தப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த அறைக்குள் போனது சாப்பாடு மட்டுமில்லை. பீப்பாய்ப் பலகை வேண்டும் என்று கேட்டார், கொடுத்தார்கள். வில்லோ மரக்கட்டை கேட்டார், அதையும் கொடுத்தார்கள். வில்லோ கனம் இல்லாத மரம். வெள்ளைக்காரர்கள் கிரிக்கெட் மட்டை செய்யும் மரம்தான் அது. முழங்காலிலும் கணுக்காலிலும் கீல் வைத்து, அதிர்ச்சி தாங்க ரப்பர் வைத்து, ஒன்று செய்து, மாட்டிப் பார்த்து, கழற்றி, செதுக்கி, மறுபடி மாட்டிப் பார்த்து... மூன்று மாதம் அங்கே நடந்தது இந்த வேலைதான். நவம்பரில் ஒரு நாள் கீழே நடந்து வந்தார்.

ஆக, அடைந்து கிடந்ததால் அவர் எழுந்துவிடவில்லை. கொடுத்த கால் சரியில்லை என்று அவருக்குத் தெரிந்தது. எங்கே சரியில்லை என்பதும் தெரிந்தது. அதைச் சரிசெய்ய ஒரு அறையும் கொஞ்சம் மரமும் தேவைப்பட்டன. உங்கள் தம்பி கதவுக்கு உள்ளே இருந்து என்ன கேட்கிறார்? கடந்த ஒரு மாதத்தில் கேட்டது எதையாவது நினைத்துப் பாருங்கள். சார்ஜர், பேப்பர், ஸ்க்ரூ டிரைவர், பழைய நண்பனின் நம்பர், எதுவாக இருந்தாலும் சரி. ஏதோ ஒன்றைக் கேட்கிற பையனைக் கொஞ்சம் தனியாக விடலாம். ஒன்றுமே கேட்காத பையனை விடக் கூடாது.

இப்போது அந்த மூலையில் நிற்கும் காலைப் பற்றிப் பேசலாம். 25 வருஷமாக இந்த வேலை செய்கிறேன். "கால் இருக்கு, மாட்ட மாட்டேங்கிறான், மனசு சரியில்லை" என்று கூட்டிவருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது மனசை அல்ல, காலைத்தான்.

அவர் அறைக்குப் போனால், அந்தக் காலில் ஷூ மாட்டியிருக்கிறதா, வெறும் பாதமாக நிற்கிறதா என்று பாருங்கள். இது ஏன் என்று சொல்கிறேன். செயற்கைப் பாதம் நம் பாதம்போலத் தானாக மேடு பள்ளம் பார்த்து வளைந்துகொடுக்காது. எந்தக் குதிகால் உயரத்துக்கு வைத்துப் பொருத்தினார்களோ, அந்த உயரத்தில்தான் கால் நேராக நிற்கும். மருத்துவமனையில் நடக்கப் பழக்கும்போது ஷூ போட்டுத்தான் பழக்குவார்கள். குதிகால் ஒன்றரை சென்டிமீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போகிறோம். குதிகால் அந்த ஒன்றரை சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் மொத்தக் காலும் பின்பக்கம் சாய்கிறது. நிற்கும்போது யாரோ முன்னாலிருந்து தள்ளுவது மாதிரி இருக்கும். சமதரையில் நடந்தாலும் மேட்டில் ஏறுவது மாதிரி இருக்கும். இரண்டு நாள் அப்படி நடந்தால் இடுப்பும் முதுகும் விட்டுப்போகும். அங்கே நடந்தவர் இங்கே நடக்கவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். ஜெய்ப்பூர் கால் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை உருவாக்கியவர்கள், வெறுங்காலோடு நடக்கிற, தரையில் சம்மணம் போடுகிற, குந்தி உட்காருகிற நம் ஊர் மனிதரை மனதில் வைத்துத்தான் அந்தப் பாதத்தை வடிவமைத்தார்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. அவர் அங்கே போட்டுப் பழகிய அதே வகை ஷூவில் புதிதாக ஒரு ஜோடி வாங்குங்கள். வீட்டுக்குள் மட்டும் போட்டுக்கொள்ளட்டும். பூஜை அறைப் பக்கம் ஷூவா என்று அம்மா தயங்குவார். அழுக்குப் படாத புது ஷூ, அது இல்லாமல் பையன் நிற்க முடியாது என்று எடுத்துச் சொல்லுங்கள். ஷூ போட்டதும் ஐந்து அடி சுலபமாக நடந்துவிட்டார் என்றால் பாதிப் பிரச்சினை எங்கே என்று தெரிந்துவிட்டது. பொருத்துநர் அரை மணி நேரத்தில் வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தர வழி இருக்கிறது.

அடுத்தது சாக்கெட். தொடையில் மீந்திருக்கும் பகுதியை நாங்கள் ஸ்டம்ப் என்போம். அதை நுழைக்கிற கிண்ணம்தான் சாக்கெட். வெட்டுப்பட்ட தொடை முதல் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் வரைக்கும் வற்றிக்கொண்டே இருக்கும். வீக்கம் இறங்கும், தசை சுருங்கும். முதலில் செய்த சாக்கெட் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் ஆறு மாதத்தில் தொளதொளத்துவிடும். இதில் யார் மேலும் குற்றம் இல்லை, உடம்பு அப்படி. தொளதொளத்த சாக்கெட்டுக்குள் தொடை ஆழமாக இறங்கி, விளிம்பு கவட்டையில் வெட்டும். நடக்கும்போது காற்றுப் பிதுங்கிச் சத்தம் வரும். 22 வயதுப் பையனுக்கு நாலு பேர் முன்னால் அந்தச் சத்தம் வருவது எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதை அக்காவிடமும் அம்மாவிடமும் சொல்ல மாட்டார்.

என் கையால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருஷம் முன்னால், லாரியில் அடிபட்ட ஓர் இளைஞருக்கு நான் சாக்கெட் செய்து கொடுத்தேன். கடிக்கிறது என்று மூன்று தடவை வந்து சொன்னார். மூன்று தடவையும் "பழகிடும்" என்று அனுப்பினேன். அப்புறம் அவர் வரவில்லை. ஆறு மாதம் கழித்து அவர் அப்பா காலை மட்டும் கோணிப்பையில் சுற்றி எடுத்து வந்தார். "பையன் பித்துப் பிடிச்ச மாதிரி இருக்கான், மந்திரிச்சுக்கூடப் பார்த்துட்டோம், இதை வேற யாருக்காவது கொடுங்க சார்" என்றார். சாக்கெட்டுக்குள் கையை விட்டு விரல் நுனியால் சுற்றித் தடவினேன். உட்காரும் எலும்பு பதிகிற இடத்தில், பின் விளிம்பில், ஒரு நெல்மணி அளவுக்கு மேடு. கண்ணுக்குத் தெரியவில்லை. விரலுக்குத்தான் தெரிந்தது. தேய்த்து எடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த நெல்மணிமேல் ஒவ்வொரு அடிக்கும் தன் மொத்த எடையையும் வைத்து நடந்திருக்கிறார் அந்தப் பையன். "பழகிடும்" என்ற வார்த்தையை அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதனால் "ஏன்டா மாட்டல?" என்று கேட்காதீர்கள். "எங்கே கடிக்குது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பதில் வராது. இரண்டாவதற்கு, கேட்ட அன்றைக்கு இல்லாவிட்டாலும் மறுநாளாவது விரல் ஓர் இடத்தைக் காட்டும். காலைக் கழற்றியதும் தோலைப் பார்க்கச் சொல்லுங்கள். லேசான சிவப்பு பத்து நிமிஷத்தில் மறைந்தால் பரவாயில்லை. அதற்கு மேலும் மறையாமல் நின்றால், கொப்புளமோ வெடிப்போ இருந்தால், சாக்கெட்டை மாற்ற வேண்டும். அதுவரை மாட்ட வேண்டாம். விடுப்பில் இருப்பதால் அவருடைய பிரிவுக்கு எழுதி, ராணுவ மருத்துவமனை வழியாகவே மறுபரிசோதனை கேட்கலாம். புனேயில் 1944இல் தொடங்கிய ராணுவச் செயற்கை அவயவ மையம் இதற்கென்றே இருக்கிறது. அவ்வளவு தூரம் இப்போது முடியாது என்றால் சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. பணி விலகல், ஊனமுற்றோர் ஓய்வூதியம் பற்றியெல்லாம் பேச்சு வந்தால் எதிலும் கையெழுத்துப் போடும் முன் உங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

இன்னொன்று. முழங்காலுக்கு மேலே கால் போனவர் செயற்கைக் காலோடு நடக்க, நம்மைவிடப் பாதிக்கு மேல் கூடுதல் சக்தி செலவாகும். தெருமுனை வரை போய்வந்து பகலெல்லாம் படுத்தார் என்றால் அதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மா ஒருவேளை தொடைக்கு அடியில் தலையணை வைத்துவிடுகிறாரா? பார்ப்பதற்கு இதமாக இருக்கும், ஆனால் கூடாது. நாள்முழுக்க மடங்கியே இருந்தால் இடுப்பு மூட்டு அப்படியே இறுகிவிடும். பிறகு எந்தக் காலும் நேராக வராது. அதற்குப் பதில் தினம் இரண்டு மூன்று தடவை, இருபது நிமிஷம் குப்புறப் படுக்கட்டும்.

இல்லாத பாதம் எரிகிறது என்று முனகுகிறார் என்றீர்கள். அது நிஜமான வலி. கற்பனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹேங்கர் காயப்பட்ட அதே போரில் பிலடெல்பியாவில் நரம்புக் காயக்காரர்களைப் பார்த்த சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர்தான், போரெல்லாம் முடிந்து 1871இல், இதற்கு மாய உறுப்பு என்று பெயர் வைத்தார். கால் போனாலும் மூளைக்குள் காலுக்கு என்று இருந்த இடம் போகவில்லை. அங்கிருந்து வருகிற வலி அது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து வழி கண்டார். அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்த வீரர்களிடம் அதைச் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள்; பலருக்கு வலி குறைந்தது.

உங்கள் வீட்டு பீரோக் கண்ணாடி அளவுக்கு ஒரு நீளக் கண்ணாடி போதும். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கும் நடுவில் கண்ணாடியை நெட்டுக்கு நிறுத்த வேண்டும். நல்ல கால் கண்ணாடியில் தெரிய வேண்டும். ஸ்டம்ப் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். பார்த்தால் இரண்டு காலும் இருக்கிற மாதிரி தெரியும். இப்போது நல்ல பாதத்தை மெல்ல நீட்டி மடக்கி, விரல்களைப் பிரித்துச் சேர்த்து, கண்ணாடியில் தெரிவதையே பார்க்க வேண்டும். மனதுக்குள் இல்லாத பாதத்தையும் அப்படியே அசைக்க வேண்டும். தினம் கால் மணி நேரம், நான்கு வாரம். சிலருக்கு முதல் நாள் கண்ணாடியில் அந்தக் காலைப் பார்த்ததும் அழுகை வந்துவிடும், சிலருக்கு வலி கூடும். அப்படியானால் நிறுத்திவிட்டுப் பிசியோதெரபிஸ்டைக் கேளுங்கள். நரம்பு வலிக்கு மாத்திரைகளும் இருக்கின்றன. கடையில் கேட்டு வாங்கும் சாதாரண வலி மாத்திரை இதற்குப் பெரும்பாலும் கேட்காது. மருத்துவர் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

காலைப் பற்றியே பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மனசும் காயப்பட்டிருக்கலாம். கண்ணிவெடியில் சிக்கியவர் அவர். குக்கர் விசிலுக்கும் பட்டாசுக்கும் தூக்கிவாரிப்போடுகிறதா? தூங்கப் பயப்படுகிறாரா? அன்று கூட இருந்தவர்கள் யாருக்காவது என்ன ஆயிற்று என்று ஒரு தடவையாவது சொன்னாரா? இதெல்லாம் மனநல மருத்துவரால் சரிசெய்யக்கூடியவை. வெளியே வைத்த தட்டு தொடாமலே திரும்பி வருகிறது, குடி தொடங்கியிருக்கிறது, தன் பொருள்களை எடுத்துப் பிறருக்குக் கொடுக்கிறார், "நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதி" என்கிற மாதிரி ஏதாவது சொல்கிறார் – இவற்றில் ஒன்று இருந்தாலும் சித்தப்பாவின் யோசனையை அன்றே விட்டுவிடுங்கள். கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இருந்தால் வெளியே வரும். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். அவரைத் தனியாக விடாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். நீங்கள் பேசினாலும் வழி சொல்வார்கள்.

சாதனைக் கதைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முரளிகாந்த் பேட்கர் என்ற ராணுவ வீரர் 1965 போரில் குண்டடி பட்டு, 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் இந்தியாவின் முதல் தங்கத்தை வாங்கினார். யாராவது இதையும் உங்கள் தம்பிக்குச் சொல்லி அனுப்புவார்கள். பெரிய மனிதர், எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் பதக்கக் கதையை அடிபட்ட பையன் மடியில் இறக்கிவைத்தால் அது அவருக்குச் சுமைதான். பேட்கரைத் தண்ணீரில் இறங்கச் சொன்னது முதலில் உடம்பு தேறத்தான். பதக்கம் பல வருஷம் கழித்து வந்தது. ஹேங்கரும் அந்தப் படிக்கட்டில் இறங்கிய நாளில் தன் பெயரில் ஒரு நிறுவனம் வரும் என்று நினைத்திருக்க மாட்டார். அதற்குப் பிறகு அவரைப் போலக் கால் போனவர்கள் கேட்டு வர, வர்ஜீனியா அரசு கேட்க, செய்துகொடுத்தார். கல்யாணம் செய்துகொண்டார், எட்டுப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் விளையாட ஒரு குதிரையில்லா வண்டிகூடச் செய்து கொடுத்தார். முதல் உலகப் போர் நடந்தபோது, எழுபது வயதைத் தாண்டிய பிறகு, ஐரோப்பாவுக்குப் போய் அங்கே செயற்கைக் கால் செய்யும் புது முறைகளைப் பார்த்து வந்தார். 1919இல் இறந்தார். லாயத்தில் அந்த விடிகாலைக்குப் பிறகு 58 வருஷம் வாழ்ந்திருக்கிறார். உங்கள் தம்பியிடம் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் அந்த 58 வருஷத்தை மட்டும் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் கல்யாணம். "வர மாட்டேன்" என்றாரா, "மேடைக்கு வர மாட்டேன்" என்றாரா என்று உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். மேடை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். மேடை என்றால் படி இருக்கும், கைப்பிடி இருக்காது. செருப்பைக் கழற்ற வேண்டும். மணவறை முன்னால் தரையில் உட்கார்ந்து எழ வேண்டும். வீடியோக்காரர் விளக்கு கண்ணைக் கூசும். காலடியில் வயர் கிடக்கும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்துவிடுவோமோ என்று பயப்படுகிறார் என நினைக்கிறேன். அந்தப் பயம் நியாயமானது, அதற்குச் செய்ய வேண்டியதும் நிறைய இருக்கிறது. உங்கள் வழக்கத்தில் பெண்ணின் தம்பி பொரி போட வேண்டும் என்றால் நின்றுகொண்டே போடலாம். ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வெறுங்காலோடு நிற்க வேண்டியிருப்பதால், செயற்கைப் பாதத்தின் குதிகாலுக்கு அடியில் ஆப்பு மாதிரி ஒரு சிறு துண்டை வைத்து, மேலே சாக்ஸ் போட்டுவிடலாம். வேட்டி கட்டினால் தெரியவே தெரியாது. பொருத்துநரிடம் கேட்டால் அளவெடுத்துச் செய்து தருவார். நீங்களாகவே எதையாவது மடித்து வைக்காதீர்கள்.

தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவரை வற்புறுத்தாமல், நீங்கள் மட்டும் ஒரு நாள் மண்டபத்துக்குப் போய் மேடைக்கு எத்தனை படி, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், கைப்பிடி போட முடியுமா என்று பார்த்து அளந்து வாருங்கள். அந்த அளவை ஒரு தாளில் எழுதி, சாப்பாட்டுத் தட்டோடு அவர் அறைக்குள் வையுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். அது அவருக்கே தெரியும், மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கைப்பிடி எந்தப் பக்கம் வேண்டும் என்று மட்டும் அவரிடம் கேளுங்கள்.